படகைப் படம் எடுக்கிற அக்கா

அக்காவிடம் "ஏன்?" என்று கேட்டவர்கள் யாரும் உருப்படியான பதில் வாங்கிக்கொண்டு போனதில்லை. நான் கேட்டிருக்கிறேன். கம்பெனி பஸ்ஸில் வந்த பெண்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். கேட்கவே கூடாத ஒரு நாளில், வீடு தேடி வந்த விருந்தாளிகளும் கேட்டார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்தான். "புடிக்கும், போறேன்." அதற்கு மேல் ஒரு எழுத்து வராது.

விஷயம் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஆந்திர எல்லைக்குள் இருக்கிற சத்தியவேட்டில் எங்கள் தெருவிலேயே குடியிருந்த அக்கா, ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் பிடித்துத் தடாவுக்குப் போவார். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பழவேற்காடு ஏரிக்கரைக்கு. அந்த ஏரிக்கு நடுவே ஒரு தீவு இருக்கிறது. தீவு ஜனங்கள் ரேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கரைக்கு வந்து போக பயணிகள் படகு ஓடுகிறது. அந்தப் படகைப் படம் எடுப்பார். வரும்போது ஒன்று, போகும்போது ஒன்று. பொழுது சாய்ந்தால் திரும்பி வந்துவிடுவார்.

அந்த ஏரிக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள் இல்லாமல் இல்லை. பூநாரை வரும் காலத்தில் மெட்ராஸிலிருந்து காரிலேயே வந்து இறங்குவார்கள். ஆளுயர ஸ்டாண்டு, முழங்கை நீள லென்ஸ், தலையில் பச்சைத் தொப்பி. அவர்கள் எல்லாரும் ஒரு பக்கம் பார்த்து நின்றால் அக்கா மட்டும் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படகுத்துறையைப் பார்த்து நிற்பார். ஒருமுறை ஒருவர் பரிதாபப்பட்டு, "பறவை அந்தாண்ட இருக்கும்மா" என்று கை காட்டினாராம். "தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு அக்கா படகையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அக்கா ஒல்லியாக, உயரமாக, நடக்கும்போது மோவாயைக் கொஞ்சம் தூக்கி நடப்பார். தெரியாதவர்கள் திமிர் என்பார்கள். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. நைனா போன பிறகு அண்ணன் வீட்டில்தான் இருந்தார். கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், அதைப் பற்றிப் பேசுவதையே தெருவில் பாதிப்பேர் விட்டுவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் செல்போன் பாகம் சேர்க்கிற லைனில் வேலை செய்தோம். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டு. மற்ற நாளில் தலையை அள்ளி முடிந்துகொண்டு ஓடி வருகிறவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலைக்குக் குளித்து, நல்ல சுடிதாராகப் போட்டு, பூ வைத்துக்கொண்டு கிளம்புவார். கழுத்தில் கேமரா தொங்கும். சத்தியவேட்டில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவர் ஒருவர் புதுசு வாங்கியபோது கழித்துவிட்ட பழைய கேமரா அது. பித்தான்களில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருக்கும்.

இவ்வளவு ஜோடனையோடு ஒரு பெண் வாராவாரம் தனியாகக் கிளம்பினால் ஊர் வாயை மூடிக்கொண்டு இருக்குமா? கம்பெனி பஸ்ஸில் ஒரு பெரிய கதை இலாகாவே நடந்தது. படகு ஓட்டுகிறவனோடு பழக்கம் என்பது முதல் கதை. அந்தப் படகோட்டிக்குப் பேரன் பேத்தி இருப்பது தெரியவந்ததும் அந்தக் கதை படுத்துவிட்டது. அப்புறம், நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை தண்ணீரில் போய்விட்டான், அந்த ஞாபகத்தில் போகிறாள் என்று ஒரு கதை. அதைச் சொல்லும்போது பஸ்ஸில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்படி ஒரு மாப்பிள்ளை பிறக்கவே இல்லை என்று அக்காவே சொன்னபோது, அழுதவர்களுக்கு அக்காமேல் கோபம் வந்துவிட்டது.

"சும்மா யாராவது போவாங்களாக்கா?" என்று நானும் ஒருநாள் விடாமல் நச்சரித்தேன்.

"நீ எதுக்கு பானிபூரி துன்ற?"

"பசிக்கும், அதான்."

"பசிச்சா சோறு துன்னலாமே."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபமெல்லாம் இல்லை. பேச்சு முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பொய் சொல்லத் தெரியாதவர்கள் என்று சிலரைச் சொல்வோமே, அக்கா அந்த வகை இல்லை. பொய் எங்கே சொல்ல வேண்டும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். சொல்லமாட்டார். கம்பெனியில் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வர வேண்டும் என்று அறிவித்தார்கள். லீவு கேட்கப் போனவர்களில் ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்தியின் ஆயா செத்துப்போயிருந்தாள், ஒருத்திக்கு வீட்டில் பூஜை. செத்துப்போன ஆயா மறுநாள் சாப்பாட்டு டப்பா கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனது வேறு விஷயம். அக்கா நேராகப் போய், "ஏரிக்குப் போணும் சார், லீவு வேணும்" என்றார்.

லைன் லீடர் நல்ல மனுஷன். "காய்ச்சல்னு சொல்லும்மா, குடுத்துர்றேன்" என்றார்.

"காய்ச்சல் இல்லியே சார்."

"வயித்துவலின்னாவது சொல்லு."

"அதுவும் இல்ல சார். படகப் பாக்கணும்."

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். லீவு கிடைக்கவில்லை. பொய் சொன்ன எல்லாருக்கும் கிடைத்தது. அன்றைக்கு அக்கா வேலைக்கு வந்து, ஒரு வார்த்தை குறைபட்டுக்கொள்ளாமல் பாகங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஏரிக்கரையிலும் அக்காவை யாரும் நம்பவில்லை என்பதை நேரில் போனபோதுதான் தெரிந்துகொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நானும் வரேங்க்கா" என்றேன். "வா" என்றார். போய் இறங்கினோம். நல்ல வெயில். தண்ணீர் உள்வாங்கியிருந்ததால் படகு கரையை ஒட்டி வர முடியாமல் சற்றுத் தள்ளியே நின்றது. ஜனங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நடந்து போய் ஏறினார்கள். ஒரு மோட்டார் சைக்கிளை மூன்று பேர் சேர்ந்து தூக்கி வைத்தார்கள். கேஸ் சிலிண்டர், வெங்காய மூட்டை, மிரண்டு கத்துகிற ஒரு ஆடு, கைக்குழந்தையோடு ஒரு பெண். அக்கா கேமராவைத் தூக்கினதுதான் தாமதம், படகில் இருந்த ஆள், "வேசுகோண்டி! வேசுகோண்டி!" என்று கத்தினான். மாட்டிக்கொள்ளச் சொல்கிறான். பலகைக்கு அடியில் சுருட்டிக் கிடந்த லைஃப் ஜாக்கெட்டுகளை எடுத்து ஆளாளுக்கு அவசரமாக மாட்டிக்கொண்டார்கள். ஒரு பெரியவருக்கு ஜாக்கெட் கிடைக்கவில்லை. அவர் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"பாத்தியா, எல்லாம் ஆரஞ்சு கலரா போயிடுச்சி" என்று அக்கா கேமராவை இறக்கினார். அவரை ஏதோ சர்க்கார் இலாகாவிலிருந்து சோதனைக்கு வருகிறவர் என்று அவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். கூலிங் கிளாஸ் போட்ட ஒரு ஆள் பவ்யமாக வந்து, "மேடம், மீரு ஏ டிபார்ட்மென்ட்?" என்று கேட்டான்.

"ஏ டிபார்ட்மென்ட் லேது. ஊரிகே" என்றார் அக்கா. எந்த இலாகாவும் இல்லை, சும்மாதான் என்று.

அவன் சிரித்துக்கொண்டே எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தான். சும்மா வந்தேன் என்று சொல்கிற அதிகாரி ரொம்பப் பெரிய அதிகாரி என்று நினைத்திருப்பான் போல.

ஆனால் அன்றைக்குத்தான் அக்கா படம் எடுப்பதை ஒழுங்காகப் பார்த்தேன். படகு நிற்கும்போது எடுத்ததெல்லாம் கை பழகுவதற்கு. அவர் காத்திருந்தது வேறொன்றுக்கு. கழியை ஊன்றிப் படகைத் தள்ளிவிட்டதும், ஏறினவர்கள் எல்லாரும் கரையைப் பார்த்தபடியே இருப்பார்கள். கை ஆட்டுவார்கள். மறந்துபோன சாமானைச் சொல்லிக் கத்துவார்கள். கரையில் நிற்கிறவர்களும் பதிலுக்குக் கத்துவார்கள். கொஞ்சம் தூரம் போனதும் ஒருவர் தலையைத் திருப்பி எதிர்ப்பக்கம் பார்ப்பார். அப்புறம் இன்னொருவர். குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு அந்தப் பெண் திரும்புவாள். கடைசியாக ஒரே ஒரு ஆள் மட்டும் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரும் திரும்பிவிடுவார். அதுவரை மூச்சுக்கூட விடாமல் நின்ற அக்கா அப்போதுதான் எடுத்தார்.

"எல்லாரும் போயிட்டாங்க பாரு" என்றார். படகு இன்னும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் கையைத் தூக்கி ஆட்டினேன். அந்தப் படகில் எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஏன் ஆட்டினேன் என்று என்னைக் கேட்காதீர்கள். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். முகம் அப்படி இருந்தது, வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு வருகிறவர் முகம் மாதிரி.

அந்த வீட்டில் அக்காவுக்குத் துணை என்றால் அண்ணிதான். அண்ணிக்கும் படகு விஷயம் சுத்தமாகப் புரியவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எழுந்து எலுமிச்சம்பழ சாதம் கிளறி டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுவார். "இன்னா கண்றாவியோ, வெயில்ல நிக்காத" என்பார். அண்ணன் வேறு மாதிரி. தங்கைமேல் உயிர். வாய் திறந்து சொல்லத் தெரியாது. நிலத்தில் வேலை, வீட்டில் சாப்பாடு, தெருமுனை டீக்கடை என்று இருக்கிற மனுஷன். ஊர் பேசுவதெல்லாம் முதலில் அவர் காதில்தான் வந்து விழும்.

ஒரு வருஷம் அண்ணன் பைக்கில் வரும்போது லாரி இடித்து, திருப்பதியில் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். அக்காவும் அண்ணியும் வராந்தாவிலேயே கிடந்தார்கள். பிழைத்து வந்தது மறுபிறவி என்றுதான் சொல்ல வேண்டும். அவர் தேறி எழுந்து உட்கார்ந்த பிறகு அக்கா பழையபடி ஏரிக்குப் போக ஆரம்பித்தார். ஊர் வாயும் பழையபடி ஆரம்பித்தது. அப்போதுதான் அண்ணி அந்தக் காரியத்தைச் செய்தார். தெருவில் யாரோ ஒருத்தி ஜாடையாக ஏதோ கேட்க, "உங்களுக்கெல்லாம் இன்னா தெரியும்? அவங்க அண்ணன் பொழச்சி வரணும்னு பெருமாளுக்கு வேண்டிக்கினா. வாராவாரம் ஏரியப் பாத்து கும்புட்டுட்டு வர்றா" என்று போட்டார் ஒரு போடு.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் தனியாக எங்கேயாவது போக வேண்டும் என்றால் வேண்டுதல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். திருப்பதி மலைக்கு நடந்தே போகலாம். வேலைக்கு லீவு போடலாம். புருஷன், மாமியார் யாரும் தடுக்கமாட்டார்கள். மறுத்துப் பேசினால் பாவம் அவர்கள் தலையில் வரும். அண்ணி சொன்ன அன்றே ஊர் வாய் அடைத்துப்போனது. ஏரிக்கும் பெருமாளுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அண்ணி போட்ட போடு சுற்றிச் சுற்றி அண்ணன் காதுக்கும் போனது. அவர் நம்பிவிட்டார். டீக்கடையில் இருக்கிறவர்களிடம், "எனக்காகத்தான் பா போறா. வெயிலு மழன்னு பாக்காம" என்று சொல்லும்போது அவர் குரல் உடைவதை நானே கேட்டிருக்கிறேன். அக்காவுக்கு இது தெரியாது. அவரிடம் போய் யார் சொல்வார்கள்?

புத்தூர் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மனைவி தவறிப்போனவர். ஒரே பையன், ஹாஸ்டலில் படிக்கிறான். அவருடைய அம்மாவும் அத்தையும் கூட வந்தார்கள். டம்ளர் கழுவவும் பலகாரம் எடுத்து வைக்கவும் அண்ணி என்னைக் கூப்பிட்டிருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தன்மையாகப் பேசினார். அக்காவுக்கும் பிடித்திருந்தது என்றே எனக்குத் தோன்றியது. தட்டைக் கொண்டுபோகும்போது லேசாகச் சிரித்தார்.

மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு ஞாயித்துக்கெழமையில ஏரிக்குப் போறதா சொன்னாங்களே" என்று மெதுவாக ஆரம்பித்தார்.

அண்ணி தயாராக இருந்தார். "வேண்டுதல்ங்க. அவங்க அண்ணன் பொழச்சதுக்காக பெருமாளுக்கு வேண்டிக்கினா."

அந்த அம்மா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பினார். "வேண்டுதல்னா செஞ்சிதான் ஆவணும்" என்றார். அண்ணன் குனிந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தத் தங்கை இல்லாவிட்டால் தான் இல்லை என்று சொல்லப் போகிற முகம். அந்த நிமிஷத்தில் கல்யாணம் முடிந்த மாதிரிதான்.

அக்கா கையிலிருந்த காபித் தட்டைக் கீழே வைத்தார்.

"வேண்டுதல் எதுவும் இல்லைங்க. அண்ணி எனக்காக சொல்றாங்க. எனக்கு படகு புடிக்கும். போட்டோ எடுத்துக்கினு வருவேன். கல்யாணம் ஆனாலும் போவேன்."

மாப்பிள்ளைதான் கேட்டார். "யாரு கூட போவீங்க?"

"தனியா."

"எதுக்குன்னு தெரிஞ்சிக்கலாமா?"

"புடிக்கும், போறேன்."

"இல்லம்மா, இன்னா காரணம்னு சொன்னா நாங்களும் புரிஞ்சிக்குவோம்" என்றார் அவர் அம்மா. உண்மையாகவே கேட்டார். ஏதாவது ஒன்று சொல்லமாட்டாளா என்று அவர் முகத்தில் ஒரு தவிப்பு இருந்தது. செத்துப்போன மாப்பிள்ளைக் கதையைச் சொல்லியிருந்தால்கூட அவர் ஏற்றுக்கொண்டிருப்பார்.

"காரணம் இருந்தா சொல்லமாட்டேனாங்க?" என்றார் அக்கா.

அவர்கள் காபியைக் குடித்துவிட்டு, "போயிட்டு சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். எனக்கு அக்காமேல் அப்படி ஒரு ஆத்திரம். பொய்யைச் சொல்லி முடித்தது அண்ணி. நம்பி முடித்தது வந்தவர்கள். இவர் செய்ய வேண்டியதெல்லாம் கையில் தட்டை வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பதுதான். அதைக்கூடவா ஒரு மனுஷியால் செய்ய முடியாது?

வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்த அண்ணன் கத்தவில்லை. "எனக்காக இல்லியா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லண்ணா. உனக்காக ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து அழுதேன். சாமியெல்லாம் கும்புட்டேன். அது வேற. படகு அதுக்கு இல்ல."

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அன்றிலிருந்து தங்கையோடு பேச்சு இல்லை. திட்டவில்லை, வீட்டை விட்டுப் போ என்று சொல்லவில்லை. தங்கை இருக்கும் நேரத்தில் வீட்டில் சாப்பிட உட்காரமாட்டார், அவ்வளவுதான். டீக்கடையில் பன்னைத் தின்றுவிட்டு வருவார். அண்ணி சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் அல்லாடினார். கொஞ்ச நாள் பார்த்தார் அக்கா. அப்புறம் தடா பக்கம் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஒரு ஹாஸ்டலுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். "நான் இல்லன்னா வூட்ல சாப்டுவாரு" என்றார் என்னிடம். அழவில்லை. ஆனால் அன்றைக்கு பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தார். அதற்கு முன்பு அப்படிச் சாய்ந்ததே இல்லை.

அப்புறம் அண்ணி மாங்காய் ஊறுகாய், கோங்குரா துவையல் என்று டப்பா டப்பாவாக என் கையில் கொடுத்தனுப்புவார். காலி டப்பாவைத் திருப்பி வாங்கும்போது, "இளச்சிட்டாளா?" என்று ஒரு கேள்வி. அந்த வழியில் அண்ணன் வந்தால் பேச்சை மாற்றிவிடுவார். எனக்குக் கல்யாணம் ஆகி நான் திருப்பதிக்கு வந்த பிறகு அந்த டப்பாப் போக்குவரத்தும் நின்றுபோனது. அக்காவோடு போனில் பேசுவேன். வேலை எப்படி, குழந்தை எப்படி என்று பேசுவோம். அண்ணனைப் பற்றி அவரும் எடுக்கமாட்டார், நானும் எடுக்கமாட்டேன். படம் மட்டும் அனுப்புவார். படகு, படகு, படகு.

போன மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னைப் பார்க்க வந்திருந்த அம்மாவை ஊருக்கு பஸ் ஏற்றிவிடப் போனேன். அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால் யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் எந்தப் பக்கம் பார்த்தாலும் மொட்டைத்தலையும் சந்தனமும்தான். கூப்பிட்டது யார் என்றே தெரியவில்லை. மஞ்சள் சேலை கட்டி, தலை மழித்து, லட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அக்காவின் அண்ணனைப் பார்த்த பிறகுதான் அது அண்ணி என்று புரிந்தது. இடுப்புக்குக் கீழே தொங்குகிற கூந்தல் அவருக்கு. அந்தத் தலையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா அப்படி பாக்கற? முடிதானே, மொளச்சிரும்" என்று சிரித்தார். பக்கத்தில் என்னை உட்கார வைத்துக்கொண்டார்.

"யாருக்கு வேண்டுதல் அண்ணி?"

"எல்லாம் அந்த வேண்டுதல்தான். அவ வேண்டிக்கினான்னு நாலு பேர் முன்னாடி பெருமாள் பேர வாயால சொல்லிட்டேனா? சொன்னா சொன்னதுதானே. அவ இல்லன்னுட்டா. அப்போ சாமிக்கு யாரு குடுக்கறது? பொய் சொன்னவதானே குடுக்கணும். ராத்திரில தூக்கமே இல்ல. அவ தனியா கிடக்கறதே நான் சொன்ன பொய்யாலதான்னு தோணிக்கினே இருந்துது. குடுத்துட்டேன். இப்ப மனசு லேசாகீது."

அண்ணன் எங்களைப் பார்க்காமல் பஸ்கள் திரும்புகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப இளைத்திருந்தார். பேசமாட்டார் என்றுதான் நினைத்தேன். திடீரென்று என்னிடம், "நான் போனேம்மா அங்க" என்றார்.

"எங்கண்ணா?"

"ஏரிக்கு. அவளுக்குத் தெரியாம. ஐஸ் கடைக்குப் பின்னால நின்னுக்கினு இருந்தேன். காலைல இருந்து பொழுது எறங்கற வரைக்கும் பாத்தேன். யாரும் வர்ல. யார்கிட்டயும் பேசல. படகு வந்துது, எடுத்தா. போச்சு, எடுத்தா. நடுவுல பிஸ்கெட்டு துன்னா. மறுபடியும் நின்னா."

அண்ணிக்கே இது புது விஷயம் போல. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிச்சிக்கினு இருந்தாம்மா, தனியா நின்னு. பயமாயிடுச்சி எனக்கு. ஒருத்தன் இருந்திருந்தா போயி சண்ட போட்டிருப்பேன். இல்ல, அவன் கால்ல வுழுந்தாவது கட்டி வெச்சிருப்பேன். எந்த ஜாதின்னுகூட கேட்டிருக்கமாட்டேன். இன்னா பண்றது? அங்க யாருமே இல்ல. யாருமே இல்லாத எடத்துக்கு ஒருத்தி அப்படி சிரிச்சிக்கினு போறான்னா, வூட்ல அவளுக்கு நாங்க இன்னா கொற வெச்சோம்? அதான் திரும்பி வந்துட்டேன். கூப்பிடல."

படகிலிருக்கிறவர்கள் எல்லாரும் திரும்புகிற அந்த நேரத்தைப் பற்றி இவருக்கு எப்படி எடுத்துச் சொல்ல முடியும்? சொன்னாலும், அதற்காகவா என்றுதான் கேட்பார்.

அண்ணிதான் பேசினார். "யாருமே இல்ல, யாருமே இல்லன்றியே. அவ இருந்தாளே அங்க?"

சத்தியவேடு போகிற பஸ் வந்து நின்றது. ஜனங்கள் முண்டியடித்து ஏறினார்கள். கண்டக்டர் "எக்கண்டி, எக்கண்டி" என்று ஏறச் சொல்லிக் கதவைத் தட்டிக்கொண்டே எங்கள் பக்கம் பார்த்தார். அண்ணன் பழக்கத்தில் எழுந்து பையைத் தூக்கினார். அண்ணி எழவில்லை. தலையில் காய்ந்துபோன சந்தனத்தை முந்தானையால் மூடிக்கொண்டு என்னைக் கேட்டார்.

"சூலூர்பேட்ட பஸ் எங்கம்மா நிக்கும்? அங்க எறங்கினா தடாவுக்கு வண்டி கெடைக்கும் இல்ல? இன்னிக்கி ஞாயித்துக்கெழம. அவ அங்கதான் இருப்பா."

கை காட்டினேன். அண்ணி லட்டுப் பையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். சத்தியவேடு பஸ் கிளம்பிப் போனது. அண்ணன் அதையும் பார்த்தார், நடந்து போகிற அண்ணியையும் பார்த்தார். பிறகு வேகமாக எட்டு வைத்துப் போய் அண்ணியைப் பிடித்தார். நானும் கூடவே போனேன்.

"போயி நான் இன்னான்னுடி கேக்கறது அவள?" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

"நீ ஒன்னும் கேக்க வேணாம்" என்றார் அண்ணி. "சாப்டியான்னு கேளு, போதும்."

சூலூர்பேட்டை பஸ்ஸில் அவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனார்கள்.